வாவிக்கரைக்கு ஒரு வாசல் போதாது

சாதாரண தரம் சித்தியடைந்த ஒரு மட்டக்களப்பு இளைஞருக்குப் பொலிஸ் உத்தியோகத்தில் விருப்பம் வந்தால், வர்த்தமானியில் அவர் தேட வேண்டியது ஒரே ஒரு அறிவித்தலைத்தான். திணைக்களம் ஒன்று, விண்ணப்பமும் ஒன்று. கொக்கட்டிச்சோலைப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தெரிவானபின் இருவரையும் நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதே வயதுப் பிள்ளைக்கு வழிகள் பல. சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி மாநிலக் காவல்துறையில் சேரலாம். மத்திய ரிசர்வ் காவல் படைக்கோ எல்லைப் பாதுகாப்புப் படைக்கோ போகலாம். பட்டம் பெற்றபின் ஐ.பி.எஸ். தேர்வுக்கும் உட்காரலாம். அமெரிக்காவில் நகரப் பொலிஸ், மாவட்ட ஷெரிப், மாநிலப் பொலிஸ், எஃப்.பி.ஐ. என்று பட்டியல் இன்னும் நீளும். ஊரோடு இருந்து ஊர்க்காரரின் பிரச்சினையைப் பார்ப்பதா, நாடளாவிய சிறப்புப் பிரிவொன்றில் சேர்ந்து ஒரு துறையில் ஆழமாகப் போவதா என்பதை அங்கே ஒருவர் தன் சுபாவத்தையும் குடும்ப நிலையையும் பார்த்துத் தீர்மானிக்கிறார். மட்டக்களப்பு வாவிக்கரையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆனால் நமது சட்டப் புத்தகத்தில் இரண்டாவது வாசல் 1987 நவம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்த 13ஆவது திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் ஒன்பதாவது அட்டவணையோடு சேர்ந்த முதலாவது பின்னிணைப்பை வாசித்தவர்கள் குறைவு. இலங்கைப் பொலிஸ் ஒரு தேசியப் பிரிவாகவும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு மாகாணப் பிரிவாகவும் அமைய வேண்டும் என்று அது சொல்கிறது. மாகாணப் பிரிவுக்கு ஆட்சேர்ப்புச் செய்ய மூவர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு ஒன்று இருக்க வேண்டும். மாகாணத்தின் பிரதிப் பொலிஸ்மா அதிபர், ஜனாதிபதியைக் கலந்து அரசாங்க சேவை ஆணைக்குழு நியமிப்பவர், முதலமைச்சர் நியமிப்பவர் ஆகியோரே அந்த மூவர். பொது ஒழுங்கு விடயத்தில் பிரதிப் பொலிஸ்மா அதிபர் முதலமைச்சருக்குப் பொறுப்புக்கூற வேண்டும். தேசியப் பிரிவுக்கென ஒதுக்கப்பட்ட குற்றங்களும் அங்கேயே பட்டியலிடப்பட்டிருக்கின்றன: அரசுக்கும் முப்படைகளுக்கும் எதிரானவை, தேர்தல், நாணயம், தேசியப் பாதுகாப்பு, சர்வதேசக் குற்றங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட மாகாண நீதிமன்றங்களின் நியாயாதிக்கத்துக்குள் வருபவை போன்றவை. மீதமுள்ள களவு, அடிதடி, காணிச் சண்டை, குடும்ப வன்முறை, கசிப்பு, ஊர்க் கலவரம் ஆகியன மாகாணத்துக்கு. இன்றுவரை எந்த ஜனாதிபதியும் இதை நடைமுறைப்படுத்தவில்லை.

அரசியல் பேரத்தின் பக்கத்தைச் சற்று விட்டுவிட்டு இதை ஒரு வேலைப் பங்கீடாக மட்டும் பார்த்தால், இந்தப் பிரிப்பு மிகவும் நியாயமானது. பெருந்தொகைப் பணமோசடியைத் துப்பறிய கணக்கியல் அறிவும் வங்கி முறைகள் பற்றிய பயிற்சியும் வேண்டும். அந்தத் திறமைக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படுவான்கரையில் இரண்டு குடும்பங்களுக்கிடையே மூண்ட வேலிச் சண்டை வெட்டுக்குத்தில் முடியாமல் தடுக்க, அந்தக் குடும்பங்களின் கதை தெரிந்திருக்க வேண்டும். முன்னையதைச் செய்பவரை நாடு முழுவதிலும் தேடிப் பொறுக்கலாம். பின்னையதைச் செய்பவர் அதே மண்ணில் நீண்டகாலம் நின்றால்தான் வேலை தெரியும். இரண்டையும் ஒரே ஆட்சேர்ப்பால், ஒரே இடமாற்றப் பட்டியலால் நிரப்பப் பார்ப்பதன் விளைவை மட்டக்களப்பின் பொலிஸ் நிலையங்கள் தினமும் சுமக்கின்றன.

விளைவு முதலில் தெரிவது முறைப்பாட்டு மேசையில். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 5 இலட்சத்து 26 ஆயிரம். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நூற்றுக்கு 97க்கு மேல். அதாவது ஏறக்குறைய மாவட்டம் முழுவதும் தமிழ் பேசுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழியும் தமிழே என்று அரசியலமைப்பு சொல்கிறது. இடையில் நிற்கும் பொலிஸ் நிலையத்தில்தான் மொழி மாறுகிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இதை முன்கூட்டியே உணர்ந்து எழுதப்பட்டிருக்கிறது. வாய்மொழி முறைப்பாட்டைச் சொல்லப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும். அதற்கு உத்தியோகத்தரால் முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தருமாறு கேட்க வேண்டும். அவராலும் முடியாவிட்டால் மட்டும், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறொரு தேசிய மொழியில் எழுதி, அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். சட்டம் கடைசி வழியாக வைத்ததே தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லாத மேசையில் முதல் வழியாகிவிடுகிறது. தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் ஒரு தாய் கையெழுத்து வைக்கிறாள்.

அந்தக் கையெழுத்தின் கனம் அன்றோடு முடிவதில்லை. 110ஆம் பிரிவின்படி விசாரணையில் பதியப்படும் வாக்குமூலத்தை, பின்னாளில் சாட்சி வேறு விதமாகச் சொன்னார் என்று காட்ட நீதிமன்றத்தில் பயன்படுத்தலாம். "அவன் வாசல்ல நிண்டவன்" என்று ஒருவர் சொன்னது "வாசலால் உள்ளே வந்தான்" என்று மொழிமாறிப் பதிந்திருந்தால், பல வருடங்களின் பின் சாட்சிக்கூண்டில் உண்மையைச் சொல்பவரே பொய்யராகத் தெரிவார். குடும்ப வன்முறையிலும் சிறுவர் துஷ்பிரயோகத்திலும் இது இன்னும் கொடுமை. சொல்லவே கூசும் விடயத்தை அந்நியர் ஒருவருக்கு மூன்றாம் ஆளின் மொழிபெயர்ப்பில் சொல்லச் சொன்னால், பாதி சொல்லாமலே போய்விடும். கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011இல் இதைத் தெளிவாகவே சொன்னது: பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இருமொழி உத்தியோகத்தர் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமை வேண்டும் என்று. அரசாங்கமே நியமித்த ஆணைக்குழு அது.

மொழிக்கு அடுத்தது ஊரறிவு. 2018 நவம்பர் 30 அன்று வவுணதீவுச் சோதனைச்சாவடியில் இரண்டு பொலிஸ் உத்தியோகத்தர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். சந்தேகம் முதலில் விடுதலைப் புலிகளின் முன்னாள் போராளிகள் மீது திரும்பியது. ஒருவர் கைதாகி மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்த பின்னர்தான், வவுணதீவுக் கொலைகளையும் அந்தக் குண்டுத் தாக்குதல்களை நடத்திய சஹ்ரானின் குழுவே செய்ததென்று விசாரணையில் வெளிவந்தது. சஹ்ரான் காத்தான்குடிக்குப் புதியவரல்லர். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் நடந்த மோதலின் பின் தலைமறைவானவர். அவருடைய போக்குப் பற்றி ஊர் முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். மாகாணப் பொலிஸ் இருந்திருந்தால் அந்த உயிர்கள் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. வெளிநாட்டிலிருந்து கிடைத்த முன்னெச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே கொழும்பின் உயர்மட்டம் தவறியதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் யார் எவரோடு திரிகிறார், எந்த வீட்டில் புதிதாக ஆள் நடமாட்டம், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு விலகினான் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்திருந்தன. ஊர் பேசுவதைக் கேட்டு எடைபோட ஒரு தரப்பு வேண்டும். அது தரும் தகவலைக் கொண்டு நாடளாவிய வலையைத் தேட இன்னொரு தரப்பு வேண்டும். இரண்டும் இரண்டு தொழில்கள்.

இதற்கு மாகாணப் பொலிஸ் எதற்கு, இருக்கும் பொலிஸிலேயே தமிழ் பேசுவோரைச் சேர்த்தால் போதாதா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, அவ்வப்போது முயற்சிகளும் நடந்திருக்கின்றன. ஆனால் தமிழர் ஒருவர் பொலிஸில் இருப்பதும் மக்களுக்கு முன்னால் இருக்கும் பொலிஸ் மாறுவதும் ஒன்றல்ல. 1982 முதல் 1985 வரை பொலிஸ்மா அதிபராக இருந்தவர் உருத்திரா இராஜசிங்கம் என்ற தமிழர். தமிழருக்கு எதிரான 1983 ஆடிக் கலவரம் அந்தக் காலத்தில்தான் நடந்தது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உச்சியில் ஓர் ஆள் இருப்பதால் தெருவில் நிற்கும் பொலிஸ் மாறிவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இல்லை. கீழ்மட்டத்திலும் அதே சிக்கல்தான். கான்ஸ்டபிளாகச் சேரும் களுவாஞ்சிக்குடிப் பிள்ளையை எந்த மாவட்டத்துக்கும் அனுப்பலாம். அங்கே அவருடைய தமிழுக்கு வேலையில்லை, இங்கே அவருடைய இடம் வெறுமையாக இருக்கிறது. "ஆசிரியர் உத்தியோகத்துக்குப் போ, கிராம சேவையாளராகப் போ, பொலிஸ் மட்டும் வேண்டாம்" என்று பெற்றோர் சொல்வதில் போர்க்காலப் பயமும் இருக்கிறது, பிள்ளை தூரப் போய்விடும் என்ற கவலையும் இருக்கிறது. பயம் தீரக் காலமெடுக்கும். தூரத்தை ஒரு சட்ட ஏற்பாட்டால் தீர்க்கலாம். மாகாணப் பிரிவில் சேருபவர் மாகாணத்துக்குள்ளேயே சேவை செய்வார் என்பது பல வீடுகளில் அப்பா அம்மாவின் பதிலை மாற்றக்கூடிய ஒன்று.

மாகாணப் பொலிஸ் தனிப் படையாகிவிடும் என்ற இரண்டாவது எதிர்ப்பு கனமானது. அதைச் சொல்பவர்களை இனவாதிகள் என்று ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. 1989இல் வடக்கு கிழக்கு மாகாண சபைக்கு வரதராஜப்பெருமாள் முதலமைச்சராக இருந்தபோது, இந்திய அமைதிப்படையின் துணையோடு தொண்டர் படை ஒன்று திரட்டப்பட்டது. மாகாணப் பொலிஸின் முன்வடிவம் என்றே அது பேசப்பட்டது. அதற்கு ஆள் பிடித்த விதம் இங்குள்ள பலருக்கு இன்றும் மறக்காது. பள்ளி மாணவர்களையும் வீதியில் போன இளைஞர்களையும் பலவந்தமாகக் கொண்டுபோனார்கள். அமைதிப்படை போனதும் அந்தப் பிள்ளைகள் நிர்க்கதியானார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடம், 1990 ஜூனில், கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த உத்தியோகத்தர்களை விடுதலைப் புலிகள் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தோர் 600க்கும் மேல் என்று கணக்கிடப்படுகிறது. சிங்களவரும் முஸ்லிம்களுமாய் இருந்த அவர்கள், சண்டை வேண்டாம், சரணடையுங்கள் என்ற மேலிடத்து உத்தரவை ஏற்றவர்கள். இந்த நினைவோடு வாழும் ஒரு சிங்களக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ, முதலமைச்சரின் கீழ் ஆயுதம் தாங்கிய படை என்று கேட்டதும் அஞ்சுவது இயல்பு. தமிழர் தரப்பில் மாகாணப் பொலிஸ் அதிகாரம் கேட்பவர்கள் இதைப் பேசாமல் கடந்துபோவது, கேட்கும் உரிமையையே பலவீனப்படுத்துகிறது.

என்றாலும் அந்த வரலாற்றை உற்றுப் பார்த்தால் அது வேறொன்றைச் சொல்கிறது. 1989இல் பொலிஸ் ஆணைக்குழு எதுவும் ஆளெடுக்கவில்லை. பரீட்சையோ, வயதுக் கட்டுப்பாடோ, பயிற்சிக் கல்லூரியோ, ஒழுக்காற்று விசாரணையோ அங்கே இருக்கவில்லை. சட்டம் சொன்ன பொலிஸ் அமைக்கப்படாத வெற்றிடத்தில் சட்டத்துக்கு வெளியே ஒரு படை முளைத்தது. பின்னிணைப்பைப் பாருங்கள்: மாகாணப் பிரிவுகளின் ஆயுத வகையையும் அளவையும் தீர்மானிப்பது தேசியப் பொலிஸ் ஆணைக்குழு, எல்லா மாகாணங்களுக்கும் ஒரே அளவுகோல். அவசரகால நிலையில் பொது ஒழுங்கு அதிகாரத்தை ஜனாதிபதி கையேற்கலாம். ஆட்பலத்துக்கும் ஜனாதிபதியின் அங்கீகாரம் வேண்டும். தனிப் படைக்குரிய தளர்வான ஏற்பாடு அல்ல இது.

கிழக்கின் சனத்தொகையே இன்னொரு காப்பு. 2012இல் மாகாணத்தில் தமிழர் நூற்றுக்கு 40க்குச் சற்றுக் குறைவு, முஸ்லிம்கள் சுமார் 37, சிங்களவர் சுமார் 23. எந்த ஒரு சமூகமும் பாதியை எட்டவில்லை. இங்கே மாகாணப் பொலிஸ் என்றால் ஏறாவூர்ப் பிள்ளையும் சித்தாண்டிப் பிள்ளையும் அம்பாறைச் சிங்களப் பிள்ளையும் ஒரே அணிவகுப்பில் நிற்பது. ஆனால் இது தானாக நடக்காது. காத்தான்குடியையும் ஆரையம்பதியையும் ஒரு வீதிதான் பிரிக்கிறது. அந்த எல்லையில் நடந்த கலவரங்களை மூத்தவர்கள் அறிவார்கள். ஊர் தெரிந்தவர் என்பதே ஒரு பக்கம் சாய்ந்தவர் என்றாகிவிடும் ஆபத்து அங்கே உண்டு. ஆகவே ஊர்க்காரர் என்றால் அதே வீதிக்காரர் என்று பொருள் கொள்ளக் கூடாது. மாகாணத்தவராக இருக்கட்டும், ஒவ்வொரு நிலையத்திலும் சமூகங்கள் கலந்து இருக்கட்டும். இந்த நிபந்தனையை எழுத்தில் வைக்காத எந்த மாகாணப் பொலிஸ் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

வட அயர்லாந்தின் அனுபவம் இங்கே உதவும். அங்கே முப்பது வருட மோதலில் சுமார் 300 பொலிஸார் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்கர் பொலிஸில் சேர்வதையே துரோகமாகப் பார்த்த தெருக்கள் இருந்தன. 1999இல் பட்டன் ஆணைக்குழு அறிக்கை தந்தது. 2001இல் பழைய பொலிஸ் புதிய பெயரோடும் சின்னத்தோடும் மாற்றியமைக்கப்பட்டது. புதிதாகச் சேர்ப்போரில் பாதிப்பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று பத்து வருடம் விதி இருந்தது. நூற்றுக்கு 8 அளவில் இருந்த அவர்களின் பங்கு 2011இல் 30ஐ எட்டியது. 2010இல் பொலிஸ் அதிகாரம் லண்டனிலிருந்து பெல்பாஸ்ட் சபைக்குக் கைமாறியது. பிரிவினை வரும் என்று அஞ்சியவர்கள் அங்கும் இருந்தார்கள். நாடு பிரியவில்லை. முற்றாக நம்பிக்கை மலர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. கத்தோலிக்க ஆட்சேர்ப்பு இன்னும் அவர்களுக்குக் கவலையான விடயம்தான்.

முதலமைச்சர்கள் பொலிஸைத் தங்கள் அடியாட்களாக்கிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் ஆதாரமுண்டு. தமிழ்நாட்டில் ஆட்சி மாறினால் காவல்துறை அதிகாரிகளின் இடமாற்றப் பட்டியல் வருவது வழமை. ஆனால் கொழும்பின் கையில் இருப்பதால் பொலிஸ் அரசியலுக்கு அப்பாற்பட்டதாகிவிட்டதா? 2001இல் 17ஆவது திருத்தம் சுயாதீனத் தேசியப் பொலிஸ் ஆணைக்குழுவைத் தந்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது, 2015இல் 19ஆவது திருப்பிக் கொடுத்தது, 2020இல் 20ஆவது மீண்டும் பறித்தது, 2022இல் 21ஆவது மறுபடி கொடுத்தது. அரசியல் தலையீட்டுக்கு மருந்து ஆணைக்குழுக்களைப் பலப்படுத்துவதுதான். அது மத்தியிலும் வேண்டும், மாகாணத்திலும் வேண்டும்.

மாகாணப் பொலிஸ் வந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்புவோருக்கு மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரை ஒரு பாடம். அங்கே அத்துமீறிப் பயிர் செய்வோருக்கு எதிராகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். மாடு சுடப்பட்டது, வெட்டப்பட்டது என்ற முறைப்பாடுகளை விசாரிப்பது மாகாணப் பொலிஸின் வேலையாக இருக்கும். ஆனால் அந்தக் காணி மகாவலி அதிகார சபைக்கு உட்பட்டது, மத்தியின் கையில் இருப்பது. காணி யாருக்கு என்ற தீர்வு வராமல், மாட்டைச் சுட்டவரைப் பிடிப்பதால் மட்டும் பண்ணையாளரின் துயர் தீராது. ஆயினும் சுட்டவரைப் பிடிக்க முயலும் ஒரு பொலிஸ் இருப்பது, காணித் தீர்வு வரும்வரை பாலை நம்பி வாழும் அந்தக் குடும்பங்களுக்குச் சிறிய விடயமல்ல.

இன்றைக்கு முடிவெடுக்க வேண்டிய இளைஞருக்கு என்ன சொல்வது? கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரில் கலைந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. பின்னிணைப்பு நாளைக்கே உயிர் பெற்றாலும் ஆணைக்குழுவுக்கு ஆளை நியமிக்க முதலமைச்சர் இல்லை. அதுவரை காத்திருங்கள் என்று ஒரு 19 வயதுப் பிள்ளையிடம் சொல்வது அநியாயம். பொலிஸ் வேலையில் உண்மையான ஈடுபாடு இருந்தால் இருக்கும் வாசலாலேயே உள்ளே போகலாம், போக வேண்டும் என்பதே என் எண்ணம். கல்லடியிலேயே பொலிஸ் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. சிங்களத்தைப் பேச்சளவில் நிறுத்தாமல் எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொண்டு போகட்டும். அறிக்கை எழுதவும் பதவி உயர்வுப் பரீட்சைக்கும் அது கைகொடுக்கும். குற்றப் புலனாய்வோ, நிதிக் குற்றமோ, இணையக் குற்றமோ ஒருவரை ஈர்த்தால், நாடு முழுவதற்குமான அந்தப் பிரிவுகளை நோக்கித் தயங்காமல் நகரலாம். அங்கும் தமிழ் தெரிந்தவர் தேவை. மனிதரோடு பேசுவதிலும் சண்டையைத் தணிப்பதிலும் நிறைவு காண்பவர், நிலைய வேலையை இரண்டாந்தரம் என்று எண்ணாமல் அதிலேயே நிலைக்கலாம்.

அப்படிப் போகிறவர்களை ஊர் பார்க்கும் பார்வையும் மாற வேண்டும். வவுணதீவில் உயிர்விட்ட தமிழ் உத்தியோகத்தர் வேறெங்கிருந்தோ வந்தவரல்லர், நம்மிடமிருந்து போனவர். அவரைப் போன்றவர்கள் உள்ளே பெருகினால் மாகாணப் பொலிஸுக்கான கோரிக்கை நீர்த்துவிடும் என்று சில அரசியல்வாதிகள் நினைக்கலாம். மாறாக, மாகாணப் பிரிவு என்றோ ஒருநாள் அமையும்போது, முறைப்பாடு எழுதவும் வழக்கை நீதவான் முன் கொண்டுபோகவும் பழகிய சார்ஜன்ட்களும் பரிசோதகர்களும் அதற்கு வேண்டும். தேசியப் பிரிவினர் மாகாணப் பிரிவில் சேவை செய்யலாம் என்று அதே பின்னிணைப்பு இடம் வைத்திருக்கிறது. இன்று கான்ஸ்டபிளாகச் சேர்பவருக்கு அந்தப் பதவிகளை எட்டப் பல வருடங்கள் பிடிக்கும்.